ஃப்ரீசரில் ஐஸ் மலை: உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை, பிறகு செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டு முதல் ஃப்ரிட்ஜைக் கொன்றது நான்தான். 190 லிட்டர் சிங்கிள் டோர். ஐப்பசி அடைமழை நேரம். ஃப்ரீசருக்குள் மீன் பொட்டலம் ஐஸோடு ஐஸாக இறுகிக் கிடந்தது, இழுத்தால் வரவில்லை. கத்தி நுனியை அடியில் விட்டு நெம்பினேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. மீன் கைக்கு வந்தது, கேஸ் போய்விட்டது. கடுகளவு ஓட்டைதான். வந்து பார்த்த மெக்கானிக், "இந்தப் பெட்டியையே மாத்தணும் சார், அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜே வாங்கிடலாம்" என்றார்.

கத்தி எடுத்தது முதல் தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தப்பு எனக்கே பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஐஸை நான் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஃப்ரீசரின் குட்டிக் கதவு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த மூலையில் மட்டும் ஐஸ் இரண்டு மடங்கு தடிமன். கோளாறு எங்கே என்று ஐஸே காட்டிக்கொண்டிருந்தது. கரைத்துவிட்டால் அந்தத் தடயமும் தண்ணீரோடு போய்விடும். அதனால் கரைக்கத் தொடங்கும் முன் செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் பாதி வேலை அந்தப் போட்டோவை வைத்துத்தான்.

உங்கள் ஃப்ரிட்ஜ் எந்த வகை?

சிங்கிள் டோரில் பெரும்பாலானவை டைரக்ட் கூல். ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியச் சுவருக்குள்ளேயே கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. குளிர்வது அந்தச் சுவர்தான், பனி படிவதும் அதன் மேல்தான். இதில் பனி கட்டுவது இயல்பு. எவ்வளவு வேகமாகக் கட்டுகிறது என்பதுதான் கேள்வி. தெர்மோஸ்டாட் குமிழின் (குளிர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) நடுவே பனியைக் கரைக்க ஒரு சின்ன டிஃப்ராஸ்ட் பட்டன் இருந்தால் உங்களுடையது இந்த வகை.

டபுள் டோர் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. குளிரும் காயில் (கேஸ் ஓடும் சுருள் குழாய்) ஃப்ரீசரின் பின்பக்கப் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு குட்டி ஃபேன் அந்தக் குளிர்ந்த காற்றைத் தள்ளிவிடும். காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் நாளுக்கு இரண்டு மூன்று தடவை தானாகக் கரைத்துவிடும். இந்த வகையில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பனி கட்டினால், ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம்.

அவ்வளவு ஐஸுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே அளவு காற்றால் ஒரு கிராம் சொச்சம்தான் தாங்க முடியும். மீதி முழுக்கப் பனியாக உதிர்ந்துவிடும். 190 லிட்டர் ஃப்ரிட்ஜுக்குள் காற்று ஒரு முறை முழுசாக மாறினால் நாலு கிராம் தண்ணீர் உள்ளே வரும். ஒரு கரண்டிகூட இல்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஃப்ரிட்ஜை எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கதவு ரப்பர் விலகியிருந்தால் எண்ணவே வேண்டாம், இருபத்துநாலு மணி நேரமும் அது திறந்த கதவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் யோசிக்காதது. சிங்கிள் டோரில் மேலும் கீழும் ஒரே காற்று. கீழ்த்தட்டில் மூடாமல் வைத்த ரசம், ஈரம் சொட்டச் சொட்ட வைத்த கீரைக்கட்டு, சூடு ஆறாத சாம்பார் எல்லாவற்றின் ஆவியும் மேலே ஏறி ஃப்ரீசர் சுவரில்தான் போய் ஒட்டும். ஃப்ரிட்ஜுக்குள் அதைவிடக் குளிர்ந்த இடம் வேறு கிடையாது.

ஐஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இப்போது அந்தப் போட்டோவை எடுங்கள்.

ஒரு பக்கத்திலோ ஒரு மூலையிலோ மட்டும் தடிமனாக இருந்தால் அங்கே காற்று நுழைகிறது. கதவு ரப்பர், அல்லது சிங்கிள் டோரில் ஃப்ரீசரின் குட்டிக் கதவு. அந்தக் கதவின் ஸ்பிரிங்கோ கொக்கியோ உடைந்து போவது சர்வசாதாரணம், உடைந்ததை யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் சர்வசாதாரணம்.

சுவர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கட்டியிருந்தால் இரண்டில் ஒன்று. நீங்கள் ரொம்ப நாளாக டிஃப்ராஸ்ட் செய்யவில்லை, அல்லது கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. பின்னதற்கு தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும்.

டபுள் டோரில் பின்பக்கப் பலகை முழுக்க வெள்ளை பூத்திருந்தால், கீழே காய்கறிப் பக்கம் குளிரே இல்லையென்றால், டிஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை.

ஃப்ரீசர் தரையில் கண்ணாடி மாதிரி வழவழப்பான ஐஸ் பாளம், கூடவே கீழே காய்கறி டிரேயில் தண்ணீர் தேங்கல் என்றால் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறது. கரைந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே மறுபடி உறைகிறது.

சுவரில் ஒன்றுமில்லை, பொட்டலங்கள் மேல் மட்டும் பொடிப்பனி என்றால் பெரும்பாலும் கவரைச் சரியாகக் கட்டவில்லை. இதற்கு மெக்கானிக் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியமானது. காயிலிலோ ஃப்ரீசர் சுவரிலோ ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மற்ற இடம் காய்ந்து கிடக்கிறது, குளிரும் குறைவு, கம்ப்ரசரோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால்தான் கேஸ் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஃப்ரிட்ஜில் எது கெட்டாலும் "கேஸ் லீக், ரீஃபில் பண்ணணும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காயில் முழுக்கப் பனி அப்பியிருக்கும்போது அப்படிச் சொன்னால், "கேஸ் இல்லாமல் இவ்வளவு பனி எப்படிண்ணே?" என்று மெதுவாகக் கேளுங்கள்.

ஐஸைக் கரைக்கும் முறை

பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் கரைக்க வேண்டியதுதான். பனி ஒரு போர்வை மாதிரி. சுவரின் குளிரை அது வெளியே விடாது, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும்.

1. ஃப்ரீசரில் இருப்பதைக் காலி செய்யுங்கள். தெர்மோகோல் பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கி, பழைய செய்தித்தாளால் சுற்றி, மேலே கனமான போர்வை. இரண்டு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். ஐஸ்கிரீமை மட்டும் நம்பாதீர்கள், அதைச் சாப்பிட்டு முடித்துவிடுவதே உத்தமம்.

2. லேசான பனி என்றால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். கம்ப்ரசர் நின்று, பனி கரைந்ததும் பட்டன் தானாக வெளியே வந்துவிடும். மலையாகக் கட்டியிருந்தால் பட்டனை நம்பி உட்காராமல் சுவிட்சை அணைத்து பிளக்கையே உருவிவிடுங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது, காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

3. ஃப்ரீசருக்குக் கீழே உள்ள டிரேயைக் காலி செய்து அதே இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் பழைய துண்டு, கால்மிதி எதையாவது விரியுங்கள். எவ்வளவு தண்ணீர் வரும் என்று முதல் தடவை செய்கிறவர்கள் யாரும் சரியாகக் கணித்ததில்லை.

4. ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், காபி குடிக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். ஃப்ரீசருக்குள் மடித்த துணி போட்டு அதன் மேல் பாத்திரத்தை வைத்து, குட்டிக் கதவைச் சாத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டாவது மூன்றாவது சுற்றில் மேல்பாளம் சுவரை விட்டு 'டொக்' என்று விலகும். அதைக் கையால் எடுத்துவிடலாம். விலகாததைப் பிடுங்க வேண்டாம், இன்னொரு சுற்று வெந்நீர் வையுங்கள்.

5. அவசரம் இல்லை என்றால் வெந்நீரே வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, தள்ளி ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுவிடுங்கள். காற்று ஓட்டம் ஐஸை நம்ப முடியாத வேகத்தில் கரைக்கும். ஃபேனின் ஒயர் தண்ணீரில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எல்லாம் கரைந்ததும் காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். விட்டுவைத்த ஈரம்தான் அடுத்த ஐஸின் முதல் அடுக்கு. பிறகு காலியாகவே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பொருட்களை வையுங்கள்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர், தோசைத் திருப்பி எதுவும் கூடாது என்பதை என் கதையே சொல்லிவிட்டது. கூடுதலாக ஒன்று. இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ்தான் இருக்கிறது. கம்ப்ரசர் மேலோ பின்பக்க ஸ்டிக்கரிலோ எழுதியிருக்கும். சமையல் கேஸ் மாதிரியே தீப்பிடிக்கக்கூடியது. எப்போதாவது 'ஸ்ஸ்' சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கதவு ரப்பர்

கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்துங்கள். இழுத்தால் பிடித்து இழுபட வேண்டும். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. நாலு பக்கமும், ஒரு சாணுக்கு ஒரு தடவை வீதம் பாருங்கள். ராத்திரியில் இன்னொரு சோதனை செய்யலாம். செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறை விளக்கை அணையுங்கள். வெளிச்சம் கசியும் இடம் எதுவோ, காற்று நுழையும் இடமும் அதுதான்.

பாதி நேரம் ரப்பர் கெட்டிருக்காது, அழுக்காக இருக்கும். மடிப்புகளுக்குள் மாவு, எண்ணெய்ப் பிசுக்கு, சில வீடுகளில் கறுப்புப் பூஞ்சை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரையும் பழைய டூத் பிரஷும் போதும். துடைத்துக் காயவிட்டு மறுபடி நோட்டுச் சோதனை. ரப்பர் ஓரிடத்தில் நசுங்கியிருந்தால் ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி விரலால் இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி ஒரு இரவு விடுங்கள். பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அளவை மட்டும் சொல்லி வாங்கினால் பள்ளத்தில் உட்காராது.

ரப்பர் நன்றாக இருந்தும் கதவு சரியாக மூடவில்லையா? முன்கால்களைத் திருகி முன்பக்கத்தை ஒரு நூல் உயர்த்துங்கள். கதவைப் பாதி திறந்து விட்டால் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒன்றரை லிட்டர் பாட்டில்களைக் கதவில் வரிசையாக அடுக்கினால் கீல் தொய்ந்து கதவு இறங்கும், அதையும் கவனியுங்கள்.

தெர்மோஸ்டாட்

குமிழில் எண் கூடக்கூடக் குளிர் கூடும். சித்திரை வெயிலில் 5-ல் வைத்ததை மார்கழியிலும் அப்படியே விட்டிருப்போம். 2 அல்லது 3-க்கு இறக்குங்கள். கம்ப்ரசர் ஓடும்போது குமிழை ஆகக் குறைந்த எண் வரை இறக்கிப் பாருங்கள். 'டிக்' என்று நிற்க வேண்டும். நிற்கவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் மாற்ற வேண்டும். சில சமயம் தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய செம்புக் குழாயின் நுனி ஃப்ரீசர் சுவரைத் தொட்டபடி கிளிப்பில் இருக்க வேண்டியது, கழன்று தொங்கும். குளிர் தெரியாமல் அது கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கிளிப்பில் மறுபடி செருகினால் வேலை முடிந்தது.

டபுள் டோர்: தானாகக் கரைய வேண்டியது ஏன் கரையவில்லை?

முதலில் காசு செலவில்லாத சோதனை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கை உருவி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். பலகைக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கரைய அவ்வளவு நேரம் ஆகும். பிறகு போட்டால் புது ஃப்ரிட்ஜ் மாதிரி குளிரும். இங்கேதான் பலர் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். காலண்டரில் தேதியைக் குறியுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் கீழ்ப்பக்கம் மறுபடி குளிர் குறைந்து பின்பலகை வெளுத்தால், டிஃப்ராஸ்ட் அமைப்பில்தான் கோளாறு. மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒரு நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போனதுதான் காரணம். வீட்டில் விசாரித்துப் பயனில்லை, யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டிஃப்ராஸ்ட் அமைப்பில் மொத்தம் நாலு பேர். நேரம் பார்த்துச் சொல்லும் டைமர், சூடாக்கும் ஹீட்டர், போதும் என்று நிறுத்தும் பைமெட்டல், அளவுக்கு மீறிச் சூடானால் தன்னையே அறுத்துக்கொள்ளும் தெர்மல் ஃபியூஸ். நாலும் ஒரே வரிசையில் இணைந்தவை. ஒருவர் படுத்தால் வேலை நின்றது.

டைமர் உள்ள பழைய மாடலில், அது கம்ப்ரசருக்குப் பக்கத்திலோ உள்ளே தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ இருக்கும். அதன் நடுவில் ஸ்க்ரூடிரைவர் போடும் ஒரு வெட்டு உண்டு. ஃப்ரிட்ஜ் ஓடும்போது, ஒயர் எதையும் தொடாமல், அதை வலப்பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். 'டிக்' என்றதும் கம்ப்ரசர் நிற்கும், ஹீட்டருக்குக் கரண்ட் போகும். பனி கட்டிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும், காயில் குளிர்ந்திருந்தால்தான் பைமெட்டல் வழிவிடும். ஐந்து பத்து நிமிடத்தில் பலகைக்குப் பின்னால் தண்ணீர்த்துளி சூட்டில் விழுகிற 'சொய்' சத்தம் கேட்டால் மற்ற மூவரும் நலம், டைமர்தான் குற்றவாளி. அதை மாற்றுவது இந்த நால்வரிலும் எளிது. சத்தமே இல்லை என்றால் பலகையைக் கழற்ற வேண்டும்.

இதற்கு மேல் மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டும். பிளக் உருவியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஹீட்டரின் இரு முனையிலும் ஓம்ஸ் பாருங்கள். எவ்வளவு காட்ட வேண்டும் என்று கணக்குப் போடலாம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் சரி. 150 வாட் ஹீட்டர் சுமார் 350 ஓம், 200 வாட் என்றால் சுமார் 265. மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்கம்பி அறுந்துவிட்டது. கண்ணாடிக் குழாய் ஹீட்டர் என்றால் உள்ளே கறுத்திருப்பதே காட்டிக்கொடுக்கும். புதுசு மாட்டும்போது கண்ணாடியில் விரல் எண்ணெய் படாமல் துணியால் பிடியுங்கள்.

தெர்மல் ஃபியூஸ் எப்போதும் தொடர்ச்சி காட்ட வேண்டும். போயிருந்தால் மாற்றுங்கள், ஒயரை நேராக முறுக்கிவிடாதீர்கள். அந்த ஃபியூஸ் இல்லாத நிலையில் பைமெட்டலும் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடக்கூடும். அது ஏன் போனது என்றும் பாருங்கள், பைமெட்டல் ஒட்டிக்கொண்டதால் இருக்கலாம்.

பைமெட்டலில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அறை வெப்பத்தில் மீட்டர் வைத்தால் அது திறந்தே இருக்கும். "இதுதான் கெட்டது" என்று தூக்கிப் போட்டுவிடுவோம். ஆனால் நல்ல பைமெட்டல் அப்படித்தான் இருக்க வேண்டும், உறைகுளிரில் மட்டுமே இணையும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் இரண்டு கைப்பிடி கல் உப்பும் கலந்து, பைமெட்டலை பிளாஸ்டிக் கவரில் கட்டி அதற்குள் பத்து நிமிடம் புதைத்து வையுங்கள். குல்பிக்காரர் பானையில் நடப்பதும் இதே வித்தைதான், குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். இப்போது மீட்டர் வைத்தால் தொடர்ச்சி காட்ட வேண்டும். வெளியே எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டும் நடந்தால் அது நல்ல பைமெட்டல். பல மாடல்களில் பைமெட்டலும் ஃபியூஸும் ஒரே செட்டாக ஒயர் கனெக்டரோடு வருகின்றன. விலை அதிகமில்லை, சேர்த்தே மாற்றிவிடலாம்.

இன்வெர்ட்டர் மாடலில் டைமர் கிடையாது. போர்டும் சென்சாரும்தான் எல்லாம். பிளக் உருவிய பிறகும் போர்டில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதில் கை வைக்காமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், போட்டோவையும் அந்தத் தேதிக் குறிப்பையும் காட்டினால் அவருக்கும் வேலை மிச்சம்.

வடிகால் அடைப்பு

டபுள் டோரில் பின்பக்கப் பலகையைக் கழற்றியதும் காயிலுக்குக் கீழே ஒரு தகரக் கால்வாயும் அதன் நடுவில் ஒரு ஓட்டையும் தெரியும். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். முதலில் எதிர்த்துக்கொண்டு மேலே வரும். விடாமல் செய்தால் திடீரென்று 'களக்' என்று உள்வாங்கும். பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் டிரேயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. கொத்தமல்லித் தழையும் பூஞ்சைச் சளியும்தான் பெரும்பாலும் வெளியே வரும். குத்துவதற்குக் கம்பி வேண்டாம், குழாய் பிளாஸ்டிக்.

மறுபடி போடும்போது

அணைத்த ஃப்ரிட்ஜை உடனே போட வேண்டாம், குறைந்தது ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். மறுநாள் ஃப்ரீசரில் மைனஸ் 18, கீழே 4 டிகிரி வாக்கில் இருந்தால் சரி. பிறகு பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு எடுத்த போட்டோவில் ஐஸ் தொடங்கிய அதே மூலையில் வெள்ளை பூத்திருந்தால், நீங்கள் சரிசெய்தது வேறு எதையோ. பத்து ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு கதவு ரப்பரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.